நல்ல கூடு, கெட்ட விலை: உழைப்பின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

மல்பெரிக்காட்டான் (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக என்னை விட்டு அகலாத ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். பொறுமையாகப் படித்து, மனத்தில் பட்டதை எழுதுங்கள்.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். இத்தொழிலை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம்: முட்டையிலிருந்து வெளிவரும் புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, ஏறத்தாழ 25 நாள்களில் கூடு கட்டத் தொடங்கும். அது தின்னும் மொத்த மல்பெரி இலையில் முக்கால் பங்குக்கும் மேல் கடைசிப் பருவத்தில்தான் செலவாகும். அந்த ஒரு வாரம் வீட்டில் எவருக்கும் ஒழுங்கான உறக்கம் கிடையாது. இலை ஈரமாக இருந்தாலும் ஆகாது, வாடினாலும் ஆகாது. புழு வளர்க்கும் மனையில் சூடு ஏறக்கூடாது, காற்று அடைபடக்கூடாது. ஒரு தட்டில் நோய் கண்டால் மறுநாளே அடுத்த தட்டுக்குப் பரவிவிடும்.

கோடையில் எடுத்த கூடு சுமார் ரகம்தான். வெயிலில் புழுக்கள் சீராக வளரவில்லை, கூடும் மெலிந்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் தருமபுரி அங்காடிக்குக் கூடு வரத்துக் குறைந்திருந்ததால் ஏலத்தில் நல்ல விலை கிடைத்தது. மழைக்குப் பிறகு எடுத்த கூடோ, எங்கள் மனையில் அதுவரை விளையாத தரம். கையில் எடுத்து அழுத்தினால் கல்போல் நின்றது. அன்று வரத்து மிகுதி, நூற்பாளர்களுக்கு அவசரம் இல்லை, இராமநகரம் சந்தையிலும் விலை சரிந்திருந்ததாகச் சொன்னார்கள். கோடைக் கூட்டுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த விலைக்கு விட்டுவிட்டு வந்தேன்.

ஊரில் என் பெரியப்பா, "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்றார். அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பலன் மாதந்தோறும் முதல் தேதியில் அவருடைய வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்கு ஆறுதலாகவும் இல்லை, விடையாகவும் இல்லை.

என் கேள்வி இதுதான். விலை என் உழைப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது கண்கூடாகத் தெரிந்துவிட்டது. அப்படியானால், உழைப்பிலேயே பொருள் இருக்கிறது என்று சொல்லலாமா? அல்லது அது தோற்றவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வார்த்தைதானா?

வரவுசெலவு (கிருஷ்ணகிரி)

நண்பருக்கு வணக்கம். நான் ஒரு கடன் சங்கத்தில் கணக்கு எழுதுபவன் என்பதால், தேற்றும் வார்த்தைகளின் மீது எனக்கு இயல்பாகவே ஐயம் உண்டு.

எங்கள் பக்கத்து மா விவசாயிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தோப்புகளில் பெரும்பகுதி பெங்களூரா என்ற மா ரகம். அது சாப்பாட்டு மேசைக்குப் போகிற பழம் அன்று; மாங்கூழ் ஆலைக்குப் போகிறது. ஆலைகள் அந்த ஆண்டு எவ்வளவு கூழ் எடுக்கப் போகின்றன என்பது முந்தைய ஆண்டின் இருப்பையும் வெளிநாட்டுத் தேவையையும் பொறுத்தது. விளைச்சல் அமோகமாக வந்த ஆண்டில்தான் விலை தரையைத் தொடுகிறது. பறிகூலியும் வண்டி வாடகையும் பழத்தின் விலையைத் தாண்டிவிட்டால், காயை மரத்திலேயே விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்து, பிஞ்சு உதிராமல் தண்ணீர் காட்டிக் காத்த ஒருவரிடம் போய், "உங்கள் முயற்சியில் பொருள் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். தவணை நாளில் அவர் அந்தப் பொருளைச் சங்கத்தின் கல்லாவில் செலுத்த முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளைவைப் பார்க்காத உழைப்பு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளவும் கூடும். பல ஆண்டுகளாக ஒரே பிழையான முறையில் பயிர் செய்துகொண்டு, "நான் பாடுபடுகிறேன்" என்பதையே பெருமையாகச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாடுபடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பாடு என்பது தன்னளவில் ஒரு நற்குணம் அன்று.

ஒட்டுக்கன்று (சந்தூர்)

வரவுசெலவு ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன்; மறு பாதிக்கு என் தொழிலிலிருந்து ஒரு விடை உண்டு.

எங்கள் ஊரில் மாங்கன்று உற்பத்திதான் பிழைப்பு. கொட்டையை முளைக்க வைத்து, அது தண்டு பிடித்ததும் தாய்மரத்திலிருந்து குச்சி எடுத்து வந்து ஒட்டுக்கட்டுகிறோம். குச்சியை வெட்டிய கத்தி மழுங்கியிருந்தால் ஒட்டாது. இரண்டு பட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் ஒட்டாது. சுற்றிய தாள் தளர்ந்து ஈரம் உள்ளே போனாலும் ஒட்டாது. சில வாரங்களில் குச்சியில் துளிர் எழும்பினால் ஒட்டுப் பிடித்தது என்று பொருள், கருகினால் இல்லை. இந்த விளைவு என் கைக்குள் இருக்கிறது. இதில் என்னை நான் ஏமாற்றிக்கொள்ளவே முடியாது.

ஆனால் அந்தக் கன்று எங்கே போகிறது, எந்த மண்ணில் நடப்படுகிறது, காய்ப்புக்கு வரும்வரை யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது காய்க்கும் ஆண்டில் விலை என்ன என்பதெல்லாம் என் கைக்கு வெளியே. நான் கட்டிய ஒட்டுகளில் பெரும்பாலானவற்றின் பழத்தை நான் பார்த்ததே இல்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை. அதனால் என் வேலை பொருளற்றது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆகவே "முயற்சியா, விளைவா" என்று கேட்பதே சரியான பிரிப்பு அன்று என்பது என் கருத்து. விளைவுகளுக்குள்ளேயே இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று கையின் திறமைக்கு உடனே பதில் சொல்வது. மற்றொன்று மழை, சந்தை, ஊரார் என்று ஆயிரம் பேர் கைபட்டு வருவது. வரவுசெலவு ஐயா சொன்னபடி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதைத் தடுக்க முதல் வகை போதும். பாலக்கோட்டு நண்பரின் மழைக்காலக் கூடு முதல் வகையில் வென்று, இரண்டாம் வகையில் தோற்றிருக்கிறது. அவ்வளவே.

அரூர் நூலகவாசி

இந்த இழையில் விவசாயிகள் பேசிக்கொண்டிருக்கும்போது தேர்வுக்குப் படிக்கும் ஒருவன் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் சந்தையும் இதேதான்.

2022-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வு முதலில் 7,301 பணியிடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பிறகு இடங்கள் கூடின என்றாலும், எழுதியவர்களில் மிகப்பெரும்பான்மையோர் வெளியே நிற்கத்தான் வேண்டும் என்பது தேர்வு நடப்பதற்கு முன்பே முடிவான செய்தி. இருநூறு வினாக்களில் ஒருவர் எத்தனைக்குச் சரியாக விடையளித்தார் என்பது மட்டும் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மற்ற அனைவரும் எத்தனைக்கு விடையளித்தார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

ஒட்டுக்கன்று அண்ணன் சொன்ன பிரிப்பு எனக்கு உடனே பிடிபட்டது. மாதிரித் தேர்வில் என் மதிப்பெண் கூடுவது என் கைக்குள் இருக்கிறது. வெட்டு மதிப்பெண் என் கைக்கு வெளியே இருக்கிறது. இருந்தும் ஒரு நெருடல். மரத்தில் காய்க்காத ஆண்டிலும் மரம் நிற்கிறது. அடுத்த ஆண்டு காய்க்கும். தேர்வில் தேறாத ஆண்டு என் வயதிலிருந்து கழிகிறது. வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், "அண்ணன் என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு "முயற்சி செய்கிறார்" என்று என் தாயார் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் தோன்றும் சிரிப்பு எனக்குத் தெரியும். முயற்சிக்குப் பொருள் இருக்கிறது என்று எனக்குள் நான் நம்பலாம். அந்த நம்பிக்கையை ஊரும் பகிர்ந்துகொள்ளாவிட்டால் அதைத் தனியாகச் சுமப்பது கடினம்.

இலை பறிப்பவள் (காரிமங்கலம்)

நானும் புழு மனையில் வேலை செய்பவள்தான். பாலக்கோட்டு அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "வீட்டில் எவருக்கும் ஒழுங்கான உறக்கம் கிடையாது" என்று எழுதியிருக்கிறார், நேர்மையான வாக்கியம். ஆனால் அடுத்த பத்தியில் அங்காடிக்குப் போனவர் ஒருவர் மட்டுமே.

விடியுமுன் இலை அறுப்பது, அதைக் கோணிச்சாக்கை நனைத்து மூடி வைப்பது, புழுவின் எச்சத்தையும் மிச்சக் குச்சியையும் அகற்றிப் படுக்கை மாற்றுவது, முதிர்ந்த புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் (புழு கூடு கட்டும் தட்டியில்) விடுவது என இவற்றில் பெரும்பகுதியைப் பெண்கள் செய்கிறார்கள். புழு முதிர்ந்துவிட்டதா என்பதை உடலின் மினுமினுப்பைப் பார்த்தே சொல்லிவிடும் கண் என் மாமியாருக்கு உண்டு. அந்தக் கண்ணுக்கு ஏலத்தில் விலை வைக்கப்படுவதில்லை. நல்ல விலை வந்தாலும் கெட்ட விலை வந்தாலும் அவர் பெயருக்கு எதுவும் வருவதில்லை. எனவே "பலனை எதிர்பாராமல் உழைப்பது" என்பது எங்களுக்குத் தத்துவம் அன்று, அன்றாட வழக்கம். அதில் ஞானம் கிடைத்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதற்காக வேலையில் நிறைவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். நான்காம் தோலுரிப்பு முடிந்து, தட்டு முழுவதும் ஒரே சீராகப் புழுக்கள் தலைதூக்கும் காலையில், முதல் இலை போட்டவுடன் மனை முழுவதும் மழைத்தூறல் விழுவதுபோல் ஓர் ஓசை எழும். அதைக் கேட்கும்போது வருகிற மகிழ்ச்சி விலையைப் பொறுத்தது அன்று. ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காட்டி என் கூலியை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றை மற்றொன்றில் கழிக்கக்கூடாது.

வரவுசெலவு (கிருஷ்ணகிரி)

சகோதரி சொன்ன கடைசி வாக்கியத்தைத்தான் நான் சொல்ல முயன்று, சரியாகச் சொல்லாமல் விட்டேன். அப்படியே ஏற்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் (பாப்பாரப்பட்டி)

எங்கள் ஊரில் நாள்தோறும் கண்ணில் படும் ஒரு செய்தியை முன்வைத்து நானும் கலந்துகொள்கிறேன்.

சுப்பிரமணிய சிவா 1908-இல் வ.உ.சிதம்பரனாருடன் கைதாகிச் சிறை சென்றார். சிறையில் தொழுநோய் அவரைப் பற்றியது. அந்நோய் உள்ளவர்கள் இரயிலில் பயணம் செய்யக்கூடாது என்ற தடை இருந்ததால், விடுதலைக்குப் பிறகு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப நிலம் பெற்றார்; 1923-இல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாசை அழைத்து வந்து அடிக்கல் நாட்டச் செய்தார். 1925 ஜூலை 23 அன்று, நாற்பது வயதில், இதே ஊரில் மறைந்தார். ஆலயம் எழவில்லை. நாடு விடுதலை பெறுவதையும் அவர் காணவில்லை. அவர் நினைத்த இடத்தில் நினைவாலயம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு கட்டி, 2021-இல் திறந்தது.

பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, "பார்த்தீர்களா, முயற்சி வீண் போகாது, கடைசியில் கட்டடம் வந்துவிட்டது" என்று முடிப்பது எளிது. நானே அப்படி முடிக்கும் பேச்சுகளை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த முடிப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. 96 ஆண்டுகள் கழித்து எழுந்த கட்டடம்தான் அவருடைய முயற்சிக்குப் பொருள் தந்ததென்றால், 2020 வரை அது பொருளற்றுக் கிடந்ததா? அரசு கட்டாமலே விட்டிருந்தால் அவர் செய்தது வீணாகியிருக்குமா? இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். அழுகும் உடலோடு ஒருவர் அடுத்த ஊருக்கு நடந்து போனபோதே அச்செயல் தன்னளவில் நிறைவு பெற்றுவிட்டது. பின்னால் வந்த கட்டடம் நாம் நன்றி செலுத்திக்கொண்டது. அவருடைய கணக்கில் சேர்க்க வேண்டியது அன்று.

நம் மாவட்டங்களில் வயலோரங்களில் நிற்கும் நடுகற்களையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆநிரையை மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டார்கள். கவரச் சென்று மாண்டவனுக்கும் கல் நட்டார்கள். யார் வென்றார்கள் என்பதைவிட, யார் எதன்பொருட்டு நின்று விழுந்தார்கள் என்பதையே அந்தக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

அரூர் நூலகவாசி

ஐயா, பணிவுடன் ஒரு மறுப்பு. சிவா தாம் செய்யப்போவதைத் தாமே தேர்ந்துகொண்டவர். நடுகல் வீரனும் ஊருக்காக எழுந்தவன். அவனுக்காக ஊர் கல் நட்டது. எங்களைப் போன்றோருக்கு இந்தத் தேர்வு வேறு வழியில்லாததால் வாய்த்தது. பிழைப்புக்கான முயற்சியையும் இலட்சியத்துக்கான முயற்சியையும் ஒரே தராசில் வைக்க இயலுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியன் (பாப்பாரப்பட்டி)

தம்பி, நியாயமான மறுப்பு. தேர்வுக்காக ஒருவர் படிப்பதை அந்த உயரத்தில் வைத்துப் பேசினால் அது உங்களுக்கும் பாரமாகும், சிவாவுக்கும் பொருந்தாது. நான் எடுத்துக்காட்டியது ஒரே ஒரு புள்ளிக்காக மட்டும்: விளைவு பின்னால் வந்து முன்னர் நடந்த செயலின் மதிப்பைத் திருத்தி எழுதுவதில்லை. அது பிழைப்புக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

படுகளம் (பென்னாகரம்)

எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடத்துவது அனைவரும் அறிந்ததே. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து என நாள்கணக்கில் நடந்து, துரியோதனன் வீழும் படுகளத்தோடு முடியும். இந்த இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது. அங்கே விடிய விடியக் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கதையின் முடிவு தெரியாதவர் ஒருவரும் இல்லை. அபிமன்யு சக்கர வியூகத்திலிருந்து வெளியே வரமாட்டான் என்பதும், கர்ணன் அன்று மாலைக்குள் வீழ்வான் என்பதும் மடியில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் கர்ணன் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னிருந்து வரும்போது ஊரே நிமிர்ந்து உட்காருகிறது. முடிவு தெரிந்த ஒன்றை ஏன் பார்க்கிறோம்? எப்படி நின்றான், எதைக் கொடுத்தான், எங்கே தயங்கினான் என்பதைப் பார்க்கவே.

கூத்துக்காரருக்கும் அவ்வாறே. அர்ச்சுனன் தபசு அன்று, நட்ட மரத்தில் பாடிக்கொண்டே ஏறும் நடிகர் மேலே போய் எந்த அத்திரத்தையும் பெறப் போவதில்லை. விடிந்ததும் கீழே இறங்கி, அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, பேசிய தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். (அந்தத் தொகையைப் பற்றிப் பேசினால் இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும், சகோதரி சொன்ன இரண்டு கணக்கு இங்கேயும் உண்டு.) ஆனால் பாட்டில் சுருதி விலகினால் கீழே நிற்கும் கிழவர் ஒருவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கிழவருக்காகத்தான் அவர் பாடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

அரூர்த் தம்பி சொன்ன தனிமைக்கு இதுவே என் பதில். முயற்சியின் மதிப்பை ஊர் முழுவதும் அறிய வேண்டியதில்லை. அந்த வேலையை அறிந்த கண் ஒன்றிரண்டாவது அருகில் இருந்தால் போதும். நூலகத்தில் உங்களோடு படிப்பவர்களில் யாராவது ஒருவருக்கு நீங்கள் எங்கே முன்னேறியிருக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்குமே?

அரூர் நூலகவாசி

தெரியும். கணக்குப் பகுதியை நான் தவிர்த்துக்கொண்டே வந்ததும், இப்போது அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்திருப்பதும், எதிர் நாற்காலியில் உட்காரும் நண்பர் ஒருவருக்கு மட்டும் தெரியும். நன்றி அண்ணா.

ஊர்ச் செவிலி (கிருஷ்ணகிரி மாவட்டம்)

கைக்கு எட்டும் விளைவு, எட்டாத விளைவு என்று பிரித்தார்கள். கண்ணுக்கே தெரியாத விளைவு என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் படியும் பழுப்புக் கறை பிறகு போகாது; எலும்பைத் தாக்கினால் மூட்டுகள் இறுகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் காவிரி நீர் வந்தபிறகும், பழகிய சுவைக்காக ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கிற வீடுகளில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசுவது எங்கள் வேலைகளில் ஒன்று. அதில் வென்றால் என்ன நடக்கும்? ஒரு குழந்தையின் பல் வழக்கம்போல் வெள்ளையாக முளைக்கும். அதைப் பார்த்து யாரும் வியக்கமாட்டார்கள். நாங்கள்தான் செய்தோம் என்று மெய்ப்பிக்கவும் வழியில்லை. விளைவைக் காட்டு என்று கேட்பவர்கள் நோய்த்தடுப்பு வேலையில் ஒரு மாதம்கூட நிலைக்கமாட்டார்கள்.

மல்பெரிக்காட்டான் (பாலக்கோடு)

இத்தனை பேர் நேரம் செலவிட்டு எழுதியதற்கு நன்றி. எல்லாவற்றையும் படித்தபின் எனக்குத் தெளிவானதை எழுதிவிடுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடரலாம்.

சந்தூர் நண்பரின் பிரிப்பைப் பின்பற்றி, இந்த முறை எடுக்கும் முட்டைத் தொகுதியிலிருந்து ஒரு குறிப்பேடு வைக்கப் போகிறேன். தோலுரிப்பு எத்தனை சீராக முடிந்தது, நோய்ப்புழு எத்தனை பொறுக்கி எறிந்தோம், நூறு முட்டைத் தொகுதிக்கு எத்தனை கிலோ கூடு, கழிவுக் கூடு எவ்வளவு என்பவை ஒரு பக்கம். ஏல விலை எதிர்ப்பக்கம். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை. முதல் பக்கம் மோசமாகி இரண்டாம் பக்கம் நன்றாக இருந்தால் மகிழ்ந்துவிடக்கூடாது என்பதுதான் எனக்குக் கடினமான பகுதி. கோடைக் கூட்டுக்கு வந்த பணத்தை எண்ணியபோது நான் எதையும் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விலைக்காகப் போராடுவதை இது எந்த வகையிலும் தடுக்காது. கூட்டின் தரத்துக்கேற்ற அடிப்படை விலை வேண்டும் என்று கேட்பதில் முன்னால் நிற்பவர்கள் எங்கள் பகுதியில் நல்ல கூடு எடுப்பவர்கள்தான். தன் வேலையின் தரம் தெரிந்தவனுக்குத்தான் தனக்குக் கிடைத்த விலை குறைவு என்றும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

வரவுசெலவு (கிருஷ்ணகிரி)

குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு பக்கமும் வேண்டும்: இலைக் கூலி, முட்டை விலை, மருந்து, மின்கட்டணம். அதை எழுதாமல் எதிர்ப்பக்கத்தை மட்டும் எழுதினால் விலை நன்றா, மோசமா என்பதே தெரியாது. வீட்டாரின் உழைப்புக்கும் ஊர்க் கூலி விகிதத்தில் ஒரு தொகை போட்டு எழுதுங்கள். பெரும்பாலான கணக்குகள் அந்த ஒரு வரியை விட்டுவிடுவதால்தான் இலாபம்போல் தெரிகின்றன.

இலை பறிப்பவள் (காரிமங்கலம்)

ஐயா சொன்ன அந்த வரியை எழுதும்போது, யார் எவ்வளவு நேரம் என்று பெயரோடு எழுதுங்கள் அண்ணா. முதல் பக்கத்தை எழுதும் வேலையை அண்ணியிடம் கொடுங்கள். நோய்ப்புழுவைப் பொறுக்குகிறவருக்குத்தான் எண்ணிக்கை தெரியும். எங்கள் வீட்டிலும் இதைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டு வாங்கி வருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், இன்னும் வந்தபாடில்லை.